ஆஷ்லினுக்கு ஐந்தாவது ஓலை

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசையின் கடைசியில் ஆஷ்லினுக்கு நாலாவது ஓலை வாசித்தார்கள்.

கத்தோலிக்கக் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று ஓலைதான். அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில் சாமியார் மைக் முன்னால் நின்று, இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று வாசிப்பார். பெண்ணின் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளையின் கோயிலிலும் வாசிப்பார்கள். மூன்றாவது ஓலை விழுந்துவிட்டால் பெண் வீட்டில் தைரியமாகப் பந்தல்காரனைக் கூப்பிடலாம். எல்லாப் பெண்களுக்கும் மூன்றோடு சோலி முடிந்துவிடும். ஆஷ்லினுக்கு 2019-இல் இரண்டு வாசித்தார்கள். இப்போது இரண்டு. முப்பத்து மூன்று வயதில், மூன்றாவது ஓலை காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

2019-இல் மாப்பிள்ளை பெயர் ஆன்சன். திருச்சியில் வங்கி வேலை. ஏசி மண்டபம், பேண்டு செட், மூன்றடுக்குக் கேக் என்று அப்பா கிருபாகரன் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜாய்ஸ் இறந்த பிறகு மகளுக்காகவே மிச்சம் பிடித்து வாழ்ந்தவர். இரண்டாவது ஓலை முடிந்த புதன்கிழமை ஆன்சனின் அம்மா போன் செய்தார். "தேதியக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா? யோசிச்சுச் சொல்றோம்" என்றார். யோசித்தார்கள். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வழக்கம்போல் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த வாரம் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் என்று அறிவித்தார். அவ்வளவுதான். கல்யாணம் நின்றது அப்படித்தான் தெரியவந்தது. கோயிலே திரும்பிப் பார்த்தது என்று அப்பா பிற்பாடு சொன்னார். ஆஷ்லினுக்கு அது நினைவில்லை. சாமியார் கண்ணாடியைத் துடைத்த நீலக் கைக்குட்டை நினைவிருக்கிறது.

அன்றைக்கு வராத அழுகை அப்புறமும் வரவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். மதுரையில் மிஷன் பள்ளி ஒன்றில் அலுவலக எழுத்தர். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த பெற்றோர் வரிசையில் நின்றார்கள்; வரிசை தீரும்வரை அடித்துக் கொடுத்தாள். டீச்சர்கள் இடைவேளையில் கூடி, "என்னா தைரியம் பாருங்க இந்தப் பிள்ளைக்கு" என்றார்கள். அதில் தைரியம் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டினால் சத்தம் கேட்குமே தவிர வலிக்காது அல்லவா, அந்த மாதிரி. அந்த ஊசியின் மரப்பு இறங்கவே இல்லை. யார் என்ன சொன்னாலும் "சரி" என்றாள். ஆறு வருஷம் அந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிட்டாள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஒரு சிஸ்டர் மூலமாக ஜினோ வீட்டுச் சம்பந்தம் வந்தது. சோழவந்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் ஒரு சின்ன அச்சு இயந்திரமும் வைத்திருக்கிறவன். ஆஷ்லினைவிட இரண்டு வயது மூத்தவன். பழைய கதை அவனுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"உங்களுக்கு என்னயப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காம இல்ல."

அவன் மேல்கூரையைப் பார்த்தான். "சரி, இப்போதைக்கு இது போதும்" என்றான்.

கல்யாணப் பேச்சு எடுத்ததுமே ஆஷ்லின் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவ நானே பாத்துக்கிறேன்ப்பா. சின்னதா, கைக்கு அடக்கமா." போன தடவை போன முன்பணமெல்லாம் போனதுதான், திரும்பவும் அந்த அளவுக்குக் கைநீட்ட வீட்டில் எதுவும் இல்லை. தவிர, அவளுக்கு இது தெரிந்த வேலை. பள்ளி ஆண்டு விழாவை வருஷா வருஷம் மேடை முதல் மிக்சர் பொட்டலம் வரை கட்டி நடத்துகிறவள். கல்யாணமும் ஆண்டு விழாதான்: மேடை, மைக், கூட்டம், சாப்பாடு, நேரத்துக்கு வராத சிறப்பு விருந்தினர்.

முதல் முடிவு, ஆடி மாதம். ஆடியில் ஊரில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். சமையல் மாஸ்டர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போட்டோக்காரர்கள் பாதி விலைக்குப் படிவார்கள். கோயில் சட்டத்தில் தவக்காலத்தில்தான் கல்யாணம் கூடாது, ஆடிக்குத் தடையில்லை. "ஊரே சும்மா இருக்குறப்ப நாம வேலைய முடிச்சுக்கிறணும்" என்றாள். பூ மட்டும்தான் ஆடியில் விலை ஏறும், அம்மன் கோயில்களுக்குப் போய்விடும். அதற்கும் வழி கண்டாள்: மேடைக்குத் துணியிலும் காகிதத்திலும் அலங்காரம். கிருபாகரன் பழைய ஆண்டு விழாத் திரையை வீட்டுக்கு எடுத்துவந்து, அதன் பின்பக்கத்தில் வெள்ளை லில்லிப் பூக்கள் வரைய ஆரம்பித்தார். தலைக்குப் போடும் வெள்ளை நெட் துணியை விளக்குத்தூண் கடைவீதியில் வாங்கிவந்து அவளே ஓரம் தைத்தாள். பத்திரிகையை ஜினோ தன் கடையிலேயே அடித்தான். தேதி: ஜூலை முப்பது, புதன்கிழமை.

கூடம் கிடைத்தது தங்கப்பொண்ணு புண்ணியத்தில். பள்ளியில் மணி அடிப்பதிலிருந்து டீ வாங்கிவருவது வரை பார்க்கும் ஆயா அவர். ஊர், கீழக்குயில்குடிக்குப் போகிற வழியில், சமணர் மலை தெரிகிற தூரத்தில். மல்லிகைத் தோட்டமும் கொஞ்சம் நெல்லுமாக உள்ள குடும்பம். ஆஷ்லின் ஆபீஸ் வேலை பார்த்தாலும் தங்கப்பொண்ணுக்குப் பள்ளியில் சேலை கட்டிய எல்லாருமே டீச்சர்.

"எங்க ஊருல புதுசாக் கூடம் கட்டியிருக்காக டீச்சர். ஆடியில ஈ ஓட்டிக்கிட்டுக் கெடக்கும். முத்திருளன் எனக்கு மச்சான் முறைதான், அவருகிட்டத்தான் சாவி. கரண்டுக் காச மட்டும் கட்டிட்டு நடத்திக்கங்க."

ஊருக்கு நடுவில் அம்மன் கோயில், அதற்குப் பின்னால் கூடம். காற்று வரும், தண்ணீர் வரும், ஊர் சம்மதித்தது. பிரியாணிக்குக் கண்ணுச்சாமி மாஸ்டர். ஆடியில் வேலையில்லாமல் இருந்தவர், ஆட்டுக்கறி பிரியாணி, தால்சா, கத்தரிக்காய் எல்லாம் சேர்த்து, கேட்டால் நம்ப முடியாத விலைக்கு ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா இன்னாசியம்மாள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: "நகை நட்டு எதுவும் கேக்கல. பந்தியில கறி மட்டும் கொறையக் கூடாது."

நாலாவது ஓலை வாசித்த மூன்றாம் நாள், மதிய இடைவேளையில், தங்கப்பொண்ணு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"என்னக்கா?"

"டீச்சர், நேத்து சாமி சாட்டிட்டாக. ஊரு பொங்கலுக்கு நாள் வச்சாச்சு."

ஆஷ்லின் விரல்கள் தட்டச்சு விசைகளில் இருந்தன. "சரி."

"சரிங்காதீக டீச்சர். முழுசாக் கேளுங்க. வருஷா வருஷம் ஆடிக் கடைசிச் செவ்வாய்க்குத்தான் எங்க ஊரு பொங்கல். இந்த வருஷம் பூசாரி மருமகளுக்கு அந்த வாரந்தான் பிரசவத்துக்கு நாள் குறிச்சிருக்கு. பிள்ள பொறந்தாத் தீட்டு, பூச பண்ண முடியாது. அதனால ரெண்டு வாரம் முன்னாடி இழுத்துட்டாக. வாற செவ்வாய்க் கெழம காப்புக் கட்டு. முப்பதாம் தேதி சாயங்காலம் முளைப்பாரி கரைக்கிறாக."

முப்பதாம் தேதிதான் கல்யாணம். காப்புக் கட்டிவிட்டால் முளைப்பாரி கரைக்கிறவரை ஊர் எல்லைக்குள் கறி வேகக் கூடாது. அது தங்கப்பொண்ணுக்குத் தெரியும், ஆஷ்லினுக்கும் தெரியும், மதுரையைச் சுற்றி எல்லாருக்கும் தெரியும். ஆடியில் மண்டபம் ஏன் காலியாக இருக்கிறது என்று யோசித்தவர்கள், ஆடியில் ஊர் எதற்காக நிறைந்திருக்கும் என்று யோசிக்கவில்லை.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றார் தங்கப்பொண்ணு. "கடைசிச் செவ்வாதான்னு நானாக் கணக்குப் போட்டுட்டேன்."

"விடுங்கக்கா. பூசாரி மருமகளுக்கு என்னைக்குப் பிரசவம்னு, நாம கூடம் பேசின பிப்ரவரியில யாருக்குத் தெரியும்."

"கோவப்படவாச்சும் செய்யுங்க டீச்சர். எனக்குப் பயமா இருக்கு."

சாயங்காலம் சாவி வைத்திருக்கும் முத்திருளன் அவராகவே போன் செய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தாயி, ஊரு ஒரு வாக்குக் குடுத்தா மாத்த மாட்டோம். கூடம் ஒங்களுக்குத்தான். நீங்க வேதக்காரக, ஒங்க சாமி வேற, அதையும் கூட்டத்துல சொன்னேன். ஒண்ணு ரெண்டு இளவட்டம், 'ஆக்கிட்டுப் போகட்டும், நாம பாக்கலைன்னு இருந்துக்குவோம்'னான். ஆனா அம்மன் வீட்டுக்குப் பின்னாடியே அடுப்பு. பெருசுக மனசு ஒப்பல."

"நீங்க சொல்றது சரிதாங்கய்யா. கறி ஆக்கல."

அவர் இன்னும் பேசத் தயாராக வந்திருந்தார் போல, கொஞ்சம் தடுமாறினார். "சில ஊருல தாளிக்கவே கூடாதும்பாக. நம்ம ஊருல அம்புட்டுக் கெடுபிடி இல்ல. சாம்பார தாராளமாத் தாளிச்சுக்கங்க. மூணு மணிக்குள்ள கூடத்த மட்டும் காலி பண்ணிக் குடுத்துருங்க தாயி. நாலு மணிக்கு அந்தத் தெருவுலதான் முளைப்பாரி வரும்."

வேறு இடம் பார்க்கலாமா என்று கிருபாகரன் கேட்டார். அவர்கள் பங்குக் கோயில் மண்டபத்துக்குக் கூரை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மற்ற மண்டபங்கள் ஆடித் தள்ளுபடியிலும் எட்டாத உயரம். பத்திரிகை எல்லாருக்கும் போய்விட்டது. அவர் தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, மகளைப் பார்க்காமல் சொன்னார்:

"அப்ப தேதியக் கொஞ்சம் தள்ளி..."

"வேணாம்ப்பா."

"ரெண்டு வாரந்தானம்மா. ஓலை வாசிச்சது வாசிச்சதுதான, செல்லும்."

"தேதி இருக்கட்டும்ப்பா. சாப்பாடு மாறட்டும்."

குரல் உயரவில்லை. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். கிருபாகரன் திரையில் ஒரு லில்லிப் பூவுக்கு ஐந்து இதழ் போட்டுவிட்டு, ஆறு இருக்க வேண்டும் என்று நினைவு வந்து, ஆறாவதை இடுக்கில் நுழைத்தார்.

கண்ணுச்சாமி மாஸ்டர்தான் அதிகம் துடித்தார்.

"தாயி, நான் முப்பது வருசமா பிரியாணி மாஸ்டர். நான் சாம்பார் வச்சா அதுலயும் பட்டை கிராம்பு வாசந்தான் அடிக்கும்."

"அடிக்கட்டும் அண்ணே. வடையும் பாயாசமும் போடணும்."

"மாப்ள வீட்டுக்காரக ஒத்துக்கிட்டாகளா?"

"இனிமேத்தான் சொல்லணும்."

போனின் மறுமுனையில் மாஸ்டர் "யாத்தே" என்றார். பிறகு, "நல்லபடியாச் சொல்லுங்க தாயி" என்று வைத்துவிட்டார்.

போனில் சொல்லலாம்தான். போனில் சொன்னால் "யோசிச்சுச் சொல்றோம்" என்பார்கள். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் ஆஷ்லின் தனியாகச் சோழவந்தான் பேருந்தில் ஏறினாள். அப்பா கூட வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் தென்னந்தோப்பு, வயல், கல்யாணம் இல்லாத மண்டபங்கள். மறுநாள் ஐந்தாவது ஓலை வாசிக்க வேண்டும். அதாவது இந்தக் கல்யாணத்தின் மூன்றாவது. வாசிப்பார்களா மாட்டார்களா என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒரு வீட்டுக்குள் முடிவாகிவிடும். இதை அவள் நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு படபடக்கிறதா என்று கவனித்தாள். இல்லை. பக்கத்துச் சீட்டு அம்மாள் கொடுத்த நெல்லிக்காயைத் தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தாள்.

இன்னாசியம்மாள் முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வேலை: கொடிக்காலிலிருந்து வருகிற இலையைப் பதம் பார்த்து, அடுக்கி, நாரால் கட்டுவது. கை தன்பாட்டுக்கு ஓடும். வாய் தன்பாட்டுக்கு ஓடும்.

"வாம்மா. என்ன திடுதிப்புன்னு? போனு ரிப்பேரா?"

"நேர்ல சொல்லணும்னு வந்தேன் அத்தை."

கை நின்றது. கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த ஜினோ, அடுப்படி வாசலில் தட்டோடு நின்றான்.

"சொல்லு."

ஆஷ்லின் சொன்னாள். பூசாரி மருமகள், காப்பு, முப்பதாம் தேதி, முளைப்பாரி. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில், "அதனால பந்தி சைவம் அத்தை. சாம்பார், ரசம், வடை, பாயாசம்" என்று முடித்தாள்.

"சாம்பாரா?"

"ஆமா அத்தை."

"பெரிய வெள்ளிக்கெழம கஞ்சி ஊத்துறாப்ல ஊத்தி அனுப்பப் போறீகளா?" இன்னாசியம்மாள் குரல் தெருவுக்குக் கேட்டது. "ஏண்டி, எங்க சொந்தம் எப்படிப்பட்ட சொந்தம்னு தெரியுமா? என் நாத்தனா மகன் கல்யாணத்துல, எலையில எலும்பு மட்டுந்தான் விழுந்துச்சுன்னு பந்தியில எந்திரிச்சு நின்னு சண்ட போட்டவ நானு. மூணு வருசம் பேச்சு வார்த்தை இல்ல. இப்ப என் மகன் கல்யாணத்துல எலும்பே இல்லைன்னா அவ விடுவாளா? பாடியே கொன்னுருவா!"

"அம்மா, மெதுவா" என்றான் ஜினோ.

"நீ சோத்தத் தின்னு." இலைக்கட்டைத் தள்ளி வைத்தார். "இங்க பாரும்மா. ஊருக் கட்டுப்பாட்ட மீறச் சொல்லல. நமக்கும் சாமி பயம் இருக்கு. ஒண்ணு செய்வோம். தேதியத் தள்ளி வச்சுக்குவோம். ஆவணியில வச்சா என்ன?"

வந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் கேட்ட அதே சொற்கள், வேறு வாயிலிருந்து. ஆஷ்லின் சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்தாள். பல்பு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஹோல்டர் தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு பேசினாள்.

"வேண்டாம்னா வேண்டாம்னு இப்பவே சொல்லிருங்க அத்தை. நான் போயி ஃபாதர்கிட்டச் சொல்லிக்கிறேன். தள்ளி மட்டும் வைக்காதீங்க."

அழுகை இல்லை, கோபம் இல்லை. பேருந்துச் சீட்டைக் காட்டுகிற மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னாசியம்மாள் அவளை முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"போன தடவ எதுக்கு நின்னுச்சு?"

இத்தனை நாளில் இதை நேருக்கு நேர் யாரும் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால்தான் கேட்டிருக்கிறார்கள்.

"தெரியல அத்தை."

"கேக்கலையா?"

"அப்பா ரெண்டு தடவ திருச்சிக்குப் போனாங்க. கதவத் தெறந்து காபி குடுத்தாங்களாம். காரணம் சொல்லல."

"நீ அழுதியா?"

"இல்ல."

"இப்ப வரைக்கும்?"

"வரல அத்தை."

இன்னாசியம்மாள் இலைக்கட்டைத் திரும்ப மடிக்கு இழுத்தார். அடுக்கினார். நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். அடுத்த கட்டையும் அடுக்கினார். "காபி குடிச்சிட்டுப் போ" என்றார். காபி வந்தது. குடித்தாள். திருச்சியிலும் காபி கொடுத்தார்கள்.

ஜினோ பேருந்து நிறுத்தம்வரை கூட நடந்து வந்தான். அவன் கையில் மைக்கறை. பேச்சைத் தேடிக்கொண்டே நடந்தான்.

"பந்தியில எம்புட்டுப் பேருன்னு சொன்னீங்க?"

"இருநூத்தம்பது."

"ம்." கொஞ்ச தூரம் போனதும், "அம்மா இப்ப ஒண்ணும் சொல்லாது. அதுக்கு நேரம் வேணும்" என்றான்.

"சரி."

"நாளைக்குக் காலைல ஃபாதரப் பாக்கணும்னுச்சு. பூசைக்கு முன்னாடியே. நீ காபி குடிக்கிறப்ப உள்ள வந்து சொல்லுச்சு."

அவன் 'நீ' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்தாள். அதைவிட அதிகமாகச் சாமியாரைப் பார்க்க வேண்டும் என்றதைக் கவனித்தாள்.

"எதுக்குப் பாக்கணுமாம்?"

"சொல்லல. கேட்டா அடிக்க வரும்."

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தாள். ஓலையை நிறுத்த வேண்டுமானால் சாமியாரைத்தான் பார்க்க வேண்டும். சோழவந்தான் சாமியார் ஆஷ்லின் கோயில் சாமியாருக்குப் போன் போடுவார். போன தடவையும் அப்படித்தான் நடந்திருக்கும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "கேட்டுக்கிட்டாங்கப்பா. ஒண்ணும் சொல்லல" என்றாள். நெட்டின் ஓரத்தில் ஒரு சாண் தையல் மீதியிருந்தது. அதையும் தைத்து முடித்தாள். நடந்தாலும் நடக்காவிட்டாலும் பாதியில் கிடக்கக் கூடாது.

ஞாயிறு காலை அதே நாலாவது பெஞ்ச். கிருபாகரன் இரண்டு பெஞ்ச் பின்னால் உட்காரலாம் என்றார். அவள் நாலாவதிலேயே உட்கார்ந்தாள். பூசை நடந்தது. வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கினார்கள். பாட்டு முடிந்தது. சாமியார் இளவயதுக்காரர், போன வருஷம்தான் வந்தவர். பழைய கதை அவருக்குத் தெரியாது. மைக் முன்னால் வந்து, கையிலிருந்த காகிதங்களைச் சரிசெய்துகொண்டார்.

முதல் ஓலை வேறு ஒரு ஜோடிக்கு. பெண் யாரென்று தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்து அடக்கினார்கள்.

சாமியார் தாளைப் புரட்டினார். கிருபாகரனின் கை முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் இடுக்கில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. ஆஷ்லின் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நமது பங்கைச் சேர்ந்த திரு. கிருபாகரன், காலஞ்சென்ற ஜாய்ஸ் இவர்களின் மகள் ஆஷ்லினுக்கும், சோழவந்தானைச் சேர்ந்த காலஞ்சென்ற சூசைமாணிக்கம், திருமதி இன்னாசியம்மாள் இவர்களின் மகன் ஜினோவுக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது. இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் சாமியார் தாளை வைக்கவில்லை. அதன் பின்பக்கத்தைத் திருப்பினார். லேசாகச் சிரிப்பை அடக்குகிற முகம்.

"மாப்பிள்ளை வீட்டார் சார்பாக ஓர் அறிவிப்பு. இன்று காலை சோழவந்தான் ஃபாதர் போனில் சொல்லி, நானும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மணமகனின் தாயார், தன் மகனின் திருமணம் நல்லபடியாக நடந்தால் கல்யாணப் பந்தியில் அசைவம் இல்லாமல் விருந்து படைப்பதாகப் புனித அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறார். ஆகவே முப்பதாம் தேதி விருந்து சைவம். உறவினர்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்கிறார்."

கோயிலில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. நேர்ச்சை என்றால் அதற்கு மேல் வாய் திறக்க முடியாது. அந்தோணியார் காரியத்தில் எந்த நாத்தனாரும் எலும்பு கேட்க மாட்டாள்.

கிருபாகரன் குனிந்து மகள் காதில் கேட்டார். "நேர்ச்சையா? நேத்து இதச் சொல்லலையே?"

"நேத்துதான் நேந்திருப்பாங்கப்பா."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அவள் தன் கைக்குட்டையை நீட்டினாள். தனக்கும் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தாள். சுற்றிலும் ஆட்கள் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்; இரண்டு பேர் தோளைத் தட்டினார்கள். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் வலது கால் மரத்துப் போயிருப்பது தெரிந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றாள். மெல்ல ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"படிச்சாங்களா?" இன்னாசியம்மாள்தான்.

"படிச்சாங்க அத்தை."

"முழுசா?"

"முழுசா."

"இங்கயும் படிச்சாச்சு. என் நாத்தனா மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ. சப்பிப் போட்ட மாங்கொட்ட மாதிரி ஆயிருச்சு."

"எப்ப நேந்தீங்க அத்தை?"

"அது எனக்கும் அந்தோணியாருக்கும் உள்ளது, ஒனக்கு எதுக்கு? மறுவீட்டுக்கு இங்க வாங்க, அன்னைக்கு எங்க ஊருல நான் கெடா அறுக்குறேன். நீ மாஸ்டர்கிட்ட வடையப் பெருசாப் போடச் சொல்லு."

"சரி அத்தை."

போனை வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கண்ணுச்சாமி மாஸ்டருக்கும் தங்கப்பொண்ணுக்கும் சொன்னாள். முத்திருளனுக்குக் கடைசியாகப் போட்டாள்.

ஜூலை முப்பது, புதன்கிழமை, காலை பத்தரைக்குத் திருமணப் பூசை. பன்னிரண்டரைக்குப் பந்தி. மூன்று மணிக்குள் கூடத்தைக் கழுவிவிட்டுச் சாவியை முத்திருளனிடம் கொடுக்க வேண்டும். நாலு மணிக்கு அந்தத் தெருவில் முளைப்பாரி வருகிறது.